பிள்ளைக்கு கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர்: பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

பையனோ பொண்ணோ ஒழுங்காக கோல்ஃப் ஆட ஆரம்பித்துச் சில மாதம் ஆனதும் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும்: "கூட ஆடுற எல்லார்கிட்டயும் ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கு, எனக்கும் வேணும்." தூரத்தை அளந்து காட்டும் இந்தக் கருவியின் விலையைப் பார்த்தால் அப்பா அம்மாவுக்குத் தலை சுற்றும். ஜூனியர் ஆட்டக்காரர்களின் வீட்டில் எழும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் கீழே இருக்கின்றன. தூரம் தெரிந்தால் மட்டும் போதாது, தன் ஒவ்வொரு கிளப்பிலும் (பந்தை அடிக்கும் மட்டை) பந்து எவ்வளவு தூரம் போகும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பல பதில்கள் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இந்தக் கருவி என்னதான் செய்கிறது?

பார்ப்பதற்கு ஒற்றைக் கண்ணால் பார்க்கும் குட்டி பைனாகுலர் மாதிரி இருக்கும். குழியில் நட்டிருக்கும் கொடியைக் குறிவைத்து பட்டனை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்பு ஒன்று கிளம்பிப் போய், கொடியில் பட்டுத் திரும்பும். போய் வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டுக் காட்டும். 150 யார்டு போய்த் திரும்ப ஒரு மைக்ரோ நொடிகூட ஆகாது. அவ்வளவுதான் வேலை. காற்று, புல்லின் நீளம், பந்து கிடக்கும் மேடு பள்ளம் எதுவும் அதற்குத் தெரியாது.

எந்த வயதில் வாங்கிக் கொடுக்கலாம்?

வயதை வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளையிடம் "உன் 7 அயர்ன் எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். (அயர்ன் என்பது எண் போட்டு வரும் கிளப் வகை; எண் குறைந்தால் பந்து அதிக தூரம் போகும்.) "நல்லா பட்டா 120" என்று பதில் வந்தால் இன்னும் நேரமாகவில்லை. "பெரும்பாலும் 100லிருந்து 105" என்று வந்தால் வாங்கலாம்.

இரண்டு பதிலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதல் பிள்ளை தன்னுடைய மிகச் சிறந்த அடியைச் சொல்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் 118 என்று காட்டும், பிள்ளை 7 அயர்னை எடுக்கும், பந்து முன்னால் இருக்கும் பங்கரில் (மணல் பள்ளம்) விழும். கருவி சரியாகத்தான் சொன்னது.

அதனால் கருவிக்கு முன்னால் ஒரு தூரப் பட்டியல் வேண்டும். ஒரு கிளப்பை எடுத்து பதினைந்து பந்து அடிக்கச் சொல்லுங்கள். ரொம்ப தூரம் போன இரண்டையும், சரியாகப் படாமல் உருண்ட சிலவற்றையும் விட்டுவிட்டு, மீதி எங்கே குவிந்து விழுகிறது என்று பாருங்கள். உருண்டு நின்ற இடத்தை எடுக்க வேண்டாம்; பந்து முதலில் தரையைத் தொட்ட இடம்தான் கணக்கு. பங்கரையோ குளத்தையோ தாண்டுமா என்பதை அந்த எண்தான் சொல்லும். டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் இடம்) கிடைக்கும் பழைய பந்துகள் பெரும்பாலும் குறைவாகவே போகும். முடிந்தால் கூட்டமில்லாத நேரத்தில் மைதானத்திலேயே, பிள்ளை போட்டியில் ஆடும் பந்தை வைத்தே பாருங்கள். பட்டியலை ஒரு சின்ன அட்டையில் எழுதி பையில் வைத்துவிடலாம். வளரும் பிள்ளை என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். 12, 13 வயதில் பேண்ட் குட்டையாகும் வேகத்தில் இந்த எண்களும் மாறும்.

கையில் ஏற்கெனவே ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தால் இந்த வேலை சுலபம். பந்து விழுந்த இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள், பிள்ளை அங்கிருந்தே உங்களைக் குறிவைத்து அளக்கட்டும். இரவல் வாங்கியாவது இதைச் செய்யலாம்.

லேசர் வாங்குவதா, ஜிபிஎஸ் வாட்ச் வாங்குவதா?

சின்னப் பிள்ளைக்கு வாட்ச்தான் நல்லது என்று நினைக்கிறேன், கேட்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை. வாட்ச் பொதுவாகக் கொடியின் தூரத்தைச் சொல்லாது; கிரீனின் (கொடி நிற்கும், கட்டையாக வெட்டிய புல்தரை) முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு என மூன்று எண்களைக் காட்டும். பத்து வயதுப் பிள்ளை கொடியைக் குறிவைக்க வேண்டிய அவசியம் கிட்டத்தட்ட இல்லை. நடுக் கிரீனில் பந்தை நிறுத்தினாலே அது பெரிய வெற்றி. கையும் நடுங்காது, குறிவைக்கும் வேலையும் கிடையாது.

ஆனால் வாட்சில் உங்கள் ஊர் மைதானத்தின் வரைபடம் இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். இருந்தாலும், கிரீனை மாற்றிக் கட்டியிருந்தால் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். லேசருக்கு இந்தத் தொல்லை இல்லை, கண்ணுக்குத் தெரிவதை அளக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாததை அளக்காது. மேட்டுக்குப் பின்னால் கிரீன் மறைந்திருந்தால் லேசர் கையை விரித்துவிடும்.

அயர்ன் ஷாட்டுகள் ஓரளவு நிலையாகி, போட்டிகளில் ஆட ஆரம்பித்த பிள்ளைக்கு லேசர் சரி. போன் ஆப்பும் இருக்கிறதே என்றால், பயிற்சிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். போட்டி நடத்துபவர்கள் பிள்ளைகள் கையில் போனைப் பார்க்க விரும்புவதில்லை, எனவே அதை மட்டும் நம்பிப் பழக வேண்டாம்.

ஸ்லோப் வசதி அவசியமா?

கிரீன் நாம் நிற்கும் இடத்தைவிட மேலேயோ கீழேயோ இருந்தால் அதற்கேற்பத் தூரத்தைக் கூட்டிக் குறைத்துச் சொல்வதுதான் ஸ்லோப். சென்னை நந்தனம் காஸ்மோ மைதானம் மாதிரி சமதளத்திலேயே ஆடுகிற பிள்ளைக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். ஊட்டி, கொடைக்கானல், வெலிங்டன் பக்கம் ஆடுபவர்களுக்குப் பயிற்சியில் உதவும்.

பிள்ளைகள் விஷயத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மேட்டுக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. நன்றாக அடிக்கும் பெரியவரின் அயர்ன் ஷாட் கிட்டத்தட்ட 45 பாகையில் செங்குத்தாக இறங்கும். கிரீன் 6 யார்டு உயரத்தில் இருந்தால் அவர் ஏறக்குறைய 6 யார்டு கூட்டினால் போதும். வேகம் குறைந்த பிள்ளையின் பந்து தாழ்வாகப் பறந்து, சொல்லப்போனால் 30 பாகையில் சாய்ந்து வரும். அதே 6 யார்டு மேட்டுக்கு அந்தப் பிள்ளை 10 யார்டு வரை கூட்ட வேண்டியிருக்கும். கருவிக்கு அடிப்பவர் யார் என்று தெரியாது, பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆகவே ஸ்லோப் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், மேட்டில் இன்னும் ஒரு கிளப் பெரிதாக, அதாவது அதைவிடத் தூரம் போவதாக, எடுக்கப் பழக்குங்கள்.

ஊட்டியில் இன்னொன்றும் உண்டு. 2,200 மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் பந்து சமவெளியில் போவதைவிட அதிகம் போகும். சாதாரண ஸ்லோப் கணக்கில் இது சேராது. சென்னையில் எடுத்த தூரப் பட்டியலோடு மலைக்குப் போகும் பிள்ளை முதல் நாள் கிரீனைத் தாண்டி அடித்துக்கொண்டே இருக்கும். கோச்சைத் திட்ட வேண்டாம்.

போட்டியில் பயன்படுத்தலாமா? விதி என்ன சொல்கிறது?

2019இல் வந்த புதிய கோல்ஃப் விதிகளின்படி தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டு. விதி எண் 4.3. அதற்கு முன்னால் நிலைமை தலைகீழ். போட்டிக் குழு தனியாக அனுமதித்தால்தான் பயன்படுத்தலாம். இப்போதும் ஒரு குழு நினைத்தால் உள்ளூர் விதி போட்டுத் தடை செய்யலாம். அதனால் ஒவ்வொரு போட்டியின் விதித்தாளையும் படித்துவிடுங்கள், போன வருஷம் இருந்தது இந்த வருஷமும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2021இல் அமெரிக்காவின் கியாவா ஐலண்டில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய தொழில்முறைப் போட்டியில்கூட இதை அனுமதித்தார்கள். 50 வயதில் ஃபில் மிக்கெல்சன் ஜெயித்த ஆட்டம் அது.

தூரத்தை அளக்கலாம். ஏற்ற இறக்கத்தை அளக்கக் கூடாது. ஸ்லோப் உள்ள கருவியைக் கொண்டுபோவதில் தப்பில்லை, போட்டி நேரத்தில் அந்த வசதியைப் பயன்படுத்தாமல் இருந்தால் போதும். பயன்படுத்தினால் முதல் முறை ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) 2 ஸ்ட்ரோக் தண்டனை, மேட்ச் பிளேயில் (ஹோல் ஹோலாக ஜெயிக்கும் ஆட்டம்) அந்த ஹோலே போய்விடும். இரண்டாம் முறை செய்தால் தகுதி நீக்கம்.

இங்கேதான் கருவியின் வடிவமைப்பு முக்கியமாகிறது. சிலவற்றில் ஸ்லோப்பை அணைக்க பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும். அணைத்திருப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கே தெரியும். சிலவற்றில் மெனுவுக்குள் போய் பட்டனைப் பிடித்து அழுத்தி அணைக்க வேண்டும். பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வகை ஆகாது. கூட ஆடுபவர் சந்தேகப்பட்டுக் கேட்டாலும் சுவிட்சைக் காட்டிவிட்டுப் போகலாம், வாக்குவாதம் வராது.

அப்பாவோ அம்மாவோ கேடியாக (பை தூக்கி உதவுபவர்) போனால் உங்களுக்கும் இதே விதிதான். நீங்கள் ஸ்லோப் பார்த்தால் தண்டனை பிள்ளைக்கு.

இரண்டு பிள்ளைகள் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளலாமா?

தாராளமாக. ஒரு சுற்றில் ஒருவருடைய கிளப்பை இன்னொருவர் எடுத்து அடிக்கக் கூடாது. ரேஞ்ச்ஃபைண்டருக்கு அந்தத் தடை இல்லை. தூரத்தைக் கேட்பதும் சொல்வதும் ஆலோசனை என்று விதியில் கணக்காகாது. "கொடி 94 இருக்கு" என்று சொல்லலாம், "9 அயர்ன் எடு" என்று சொல்லக் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஆடினால் ஒன்றே போதும்.

கை நடுங்குகிறது, கொடியில் நிற்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பிள்ளைகளுக்கு வரும் முதல் பிரச்சினையே இதுதான், இதற்காகவே பல கருவிகள் ஒரு மாதத்தில் பைக்குள் போய்த் தூங்கிவிடுகின்றன.

கடைகளில் 6 மடங்கு, 7 மடங்கு என்று உருப்பெருக்கத்தைச் சொல்லி விற்பார்கள். உருவம் பெரிதாகத் தெரிந்தால் நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். கொடி எங்கே என்று தேடியே பிள்ளை களைத்துவிடும். 6 மடங்குக்கு மேல் வேண்டாம், 5 மடங்கும் போதும்.

பிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுங்கள். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, இரண்டு கைகளாலும் கருவியைப் பிடித்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திவிட்டு அழுத்தட்டும். அதிலும் ஆடினால் ஒரு கிளப்பைத் தரையில் நட்டு, அதன் பிடிமேல் கையை ஊன்றிக்கொள்ளலாம்.

இதற்கு மேல் ஒரு தந்திரம் இருக்கிறது. கொடியின் துணியைக் குறிவைக்காமல் கம்பத்தின் அடிப்பகுதிக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்து, பட்டனை விடாமல் பிடித்தபடி இடமும் வலமும் மெதுவாக நகர்த்த வேண்டும். எண்கள் மாறிக்கொண்டே வரும். 112, 141, 112, 139 என்று வந்தால் 112தான் கொடி. 140ஐ ஒட்டி வருவது பின்னால் நிற்கும் சவுக்கு மரமோ வேலியோ. குறைவாக வந்து, திரும்பத் திரும்ப வருகிற எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். கோல்ஃபுக்கென்று செய்த கருவிகளில் அருகில் இருக்கும் பொருளுக்கே முன்னுரிமை தரும் வசதி இருக்கும், கொடியைப் பிடித்ததும் லேசாக அதிரும். பிள்ளைகளுக்கு அந்த அதிர்வு ரொம்ப உதவும், கட்டாயம் இருக்கட்டும்.

நிக்கானில் கூல்ஷாட் புரோ ஸ்டெபிலைஸ்ட் மாதிரி நடுக்கத்தைத் தானே அடக்கும் கருவிகளும் உண்டு. அருமையாக வேலை செய்யும். விலை மட்டும் பெரியவர்களுக்கானது.

ஆன்லைனில் இதே மாதிரி ஒன்று பாதி விலைக்கு வருகிறதே?

விவரத்தைக் கவனமாகப் படியுங்கள். அது வேட்டைக்காரர்களுக்கான கருவியாக இருக்கலாம். அவர்களுக்கு முன்னால் இருக்கும் புல், கிளை எல்லாம் இடைஞ்சல், தூரத்தில் நிற்கும் விலங்குதான் வேண்டும். அதனால் அந்த வகையில் தொலைவில் உள்ள பொருளுக்கு முன்னுரிமை கொடுத்திருப்பார்கள். கோல்ஃபில் அதைப் பயன்படுத்தினால் கொடியை விட்டுவிட்டு மரத்தை அளந்து தரும். சிலவற்றில் இரண்டு முறையும் இருக்கும், மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

1,000 யார்டு வரை அளக்கும், அரை யார்டு துல்லியம் என்கிறார்களே, அது பெரிய விஷயமா?

இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் 1,000 யார்டு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் பெரிய பரப்புக்குத்தான். மெல்லிய கொடிக் கம்பத்துக்கு எவ்வளவு தூரம் என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதைப் பாருங்கள். பிள்ளைக்கு 200 யார்டில் கொடியைப் பிடித்தால் தாராளம். துல்லியத்தில் ஒரு யார்டும் அரை யார்டும் பிள்ளையின் ஆட்டத்தில் எந்த மாற்றத்தையும் செய்யாது. அதன் நல்ல ஷாட்டுகளே 10 யார்டு முன்னே பின்னே விழும்.

எடை, அளவு, காந்தம் பற்றி?

சின்னக் கை ஒன்றாலேயே பிடித்து, ஆள்காட்டி விரல் பட்டனை எட்ட வேண்டும். கடைக்குப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். நிக்கான் கூல்ஷாட் 20 வரிசை பேட்டரி இல்லாமல் 130 கிராம் அளவில் இருக்கும், புஷ்னெல் டூர் வரிசை அதைவிடக் கனம். பெரியவர்களுக்குக் கனமான கருவி ஆடாமல் நிற்கும் என்பது உண்மைதான். பிள்ளைக்கு அது பதினான்காவது ஹோலில் சுமையாகிவிடும்.

இப்போது பலவற்றில் பக்கவாட்டில் காந்தம் வைத்து வருகிறது, கார்ட்டின் இரும்புக் கம்பியில் ஒட்டி வைக்கலாம். ஆனால் நம் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு போகும் டிராலிகள் பெரும்பாலும் அலுமினியம், காந்தம் ஒட்டாது. ஜூனியர் கிளப்புகளின் தண்டு பெரும்பாலும் கிராஃபைட், அதிலும் ஒட்டாது. காந்தத்துக்காகக் காசு கொடுக்கும் முன் ஒட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பில் மாட்டும் உறையும் கயிறும் போதும். உறை ஜிப் வைத்ததாக இருந்தால், பிள்ளை அதை மூட மறந்து ஓடும்போது கருவி விழும். எலாஸ்டிக் கொக்கி வைத்தது மேல்.

பிள்ளை கண்ணாடி போட்டிருக்கிறது, சரிப்படுமா?

சரிப்படும். கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை மடித்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயே சுழற்றும் வளையம் ஒன்றும் இருக்கும். எண்கள் தெளிவாகத் தெரியும்வரை அதைத் திருப்பி வைக்க வேண்டும். அப்பா பார்த்துவிட்டுக் கொடுத்தால் மறுபடி பிள்ளைக்கு மங்கலாகத் தெரியும், அதைப் பழுது என்று நினைத்துவிடுவார்கள். எண்கள் கறுப்பாக வருவது பகலில் பளிச்சென்று தெரியும், மாலை மங்கியதும் மரங்களின் கருமையில் கரைந்துவிடும். பள்ளி விட்டு வந்து ஆடும் பிள்ளை என்றால் சிவப்பு எண் நல்லது.

யார்டா, மீட்டரா?

நம் ஊர் மைதானங்களில் பெரும்பாலும் யார்டுதான். இரண்டையும் காட்டும் கருவி என்றால் முதல் ஹோலை ஆரம்பிக்கும் முன் எதில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும். 100 மீட்டர் என்பது 109 யார்டு, ஒரு கிளப் வித்தியாசம் அங்கேயே போய்விடும்.

எப்போதும் கருவியைப் பார்த்தே ஆடினால் கண் கணிப்பு போய்விடாதா?

கருவியை வைத்தே கண்ணைப் பழக்கலாம். முதலில் தூரத்தை வாயால் சொல்ல வேண்டும், அப்புறம்தான் அளக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் வையுங்கள். பிள்ளைகள் இதைப் பந்தயமாக்கிக்கொள்வார்கள். சில வாரத்திலேயே ஐந்தாறு யார்டுக்குள் சொல்ல ஆரம்பித்துவிடும்.

கொடியை மட்டும் அளக்கும் பழக்கத்தை நிறுத்துவதுதான் கஷ்டம். 105இல் கொடி, அதன் முன்னால் பங்கர், பங்கரின் பின்விளிம்பு 96 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் 8 அயர்ன் 95, 7 அயர்ன் 104. கொடியை மட்டும் பார்த்த பிள்ளை 7 அயர்னை எடுக்கும், கொஞ்சம் சரியாகப் படாவிட்டால் பந்து பங்கரில் விழும். பங்கரையும் பார்த்த பிள்ளை, பின்னால் கிரீன் எவ்வளவு இருக்கிறது என்று கவனித்து 6 அயர்னை எடுக்கும். அளவு இரண்டு எடுக்க வேண்டும்: தாண்ட வேண்டியது எவ்வளவு, நின்றாக வேண்டியது எவ்வளவு.

ஆட்டம் மெதுவாகிவிடுகிறது என்று கூட ஆடுபவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

மற்றவர் அடிக்கத் தயாராகும்போதே அளந்து முடித்துவிட வேண்டும். தன் முறை வந்த பிறகு உறையைத் திறக்கும் பிள்ளைதான் நேரத்தைத் தின்கிறது. 40 யார்டுக்குள் அளக்கவே வேண்டாம், நடந்து பார்த்தால் போதும்.

லேசர் கண்ணுக்கு ஆபத்தா?

கோல்ஃப் கருவிகளில் இருப்பது பொதுவாக முதல் வகுப்பு லேசர், சாதாரணப் பயன்பாட்டில் பாதுகாப்பானது என்று வகைப்படுத்தியது. பெட்டியில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் இல்லாமலும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் ஒருவர் முகத்தை நோக்கி அழுத்தக் கூடாது. தூரம் எடுக்க ஆள் நிற்கும்போது இடுப்புக்குக் கீழே குறிவைக்கட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து அதன் வழியே சூரியனைப் பார்ப்பது. விளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பேட்டரி?

பலவற்றில் சிஆர்2 என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. தெருமுனைக் கடையில் கிடைக்காது, ஒன்று வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். யுஎஸ்பியில் சார்ஜ் செய்வதும் வருகிறது. முந்தின நாள் இரவு யார் சார்ஜ் போடுவது என்பது உங்கள் வீட்டுப் பிரச்சினை.

பனியிலும் மழையிலும் வேலை செய்யுமா?

ஊட்டிப் பனியில் லேசர் நீர்த்துளிகளிலேயே பட்டுத் திரும்பி, கொடி 130இல் இருக்கும்போது 15, 20 என்று காட்டும். பழுதில்லை. அந்த மாதிரி நேரத்தில் கிரீனுக்கு 150 யார்டு என்று காட்டும் கம்பத்தையும் நடையையும் நம்ப வேண்டியதுதான். மழையில் நனைந்தால் லென்ஸைச் சட்டையால் துடைக்க வேண்டாம், மணல் ஒட்டியிருந்தால் கீறிவிடும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், பிள்ளைக்கு அதுவே சரி என்பேன். கோல்ஃப் கிளப்புகளில் பெரியவர்கள் புது மாடல் வாங்கிவிட்டுப் பழையதை மலிவாகத் தள்ளுவார்கள். வாங்கும் முன் மைதானத்துக்கே எடுத்துப் போய்ப் பாருங்கள். 150 யார்டு குறியில் நின்று கிரீனின் நடுவில் நிற்கும் ஒருவரை அளந்தால் 150க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரே கொடியை ஐந்து முறை அளந்தால் ஒரு யார்டுக்கு மேல் ஆடக் கூடாது. உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தை நோக்கி வைத்துப் பாருங்கள், சூரியனை நோக்கி அல்ல. பேட்டரி மூடியைத் திறந்து பச்சையாகத் துரு படிந்திருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.